இஸ்தோப்பு யாரைக் கேட்டுப் போட்டது?

இலங்கை மலையகத் தோட்டங்களில் நம் சனம் இருக்கிற, வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளான லயத்தை உடைக்க வேண்டும் என்று மேடையில் யார் சொன்னாலும் கை தட்டியவன்தான் நானும். 10க்கு 12 அடிக் காம்பராவில் ஆறு பேர் படுத்து எழும்பிய வீடு எங்களுடையது. பக்கத்துக் காம்பரா தாத்தா இருமினால் எங்கள் அம்மா சுடுதண்ணி வைப்பார், சுவர் அவ்வளவு மெல்லிசு. ஒரு மூலையில் தீப்பிடித்தால் கூரை வழியாக முழு லயமும் போய்விடும். லயம் நம் பண்பாட்டுச் சின்னம், அப்படியே காப்பாற்றுவோம் என்று உருகி எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. (அவர்களில் யாரும் லயத்தில் இருக்கிற மாதிரி தெரியவில்லை.)

ஆனால் உடைக்க வருகிறவர்கள் முதலில் எதை உடைக்கிறார்கள் என்று பாருங்கள். வெள்ளைக்காரன் கட்டிய சுவரை அல்ல. நாம் சீட்டுக் காசில் இழுத்துக் கட்டிய குசினியை, தகரம் அடித்து மறைத்த இஸ்தோப்பை, அதாவது வாசல் விறாந்தையை. எங்கள் வீட்டுக்கும் ஒருநாள் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரையா வந்தார். "இந்த இஸ்தோப்ப யாரக் கேட்டுப் போட்டீங்க?" "மழையக் கேட்டுத்தான் போட்டோங்க ஐயா" என்றார் அம்மா. அன்றைக்குத் தப்பியது. 2023 ஆகஸ்டில் மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஆள் குடியிருந்த தற்காலிக வீட்டை அதிகாரி உடைத்த காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் முன்னோர் மலையகத்துக்கு வந்து 200 வருஷம் என்று விழா எடுத்துக்கொண்டிருந்த அதே வருஷம்.

பிரான்சில் போர்தோ என்ற நகரத்தில் 1960களில் கட்டிய மூன்று பெரிய குடியிருப்புத் தொகுதிகள், 530 வீடுகள். உடைக்காமல் விட்டார்கள். லகாத்தோன், வசால் என்ற கட்டடக் கலைஞர்கள், வேறு சிலரோடு சேர்ந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிப்பக்கம் கண்ணாடி அடைத்த அகலமான விறாந்தை ஒன்றை ஒட்டவைத்தார்கள். வேலை நடக்கும்போது குடியிருந்தவர்கள் உள்ளேயே இருந்தார்கள். உடைத்துத் திரும்பக் கட்டுவதைவிடச் செலவும் குறைவு. 2021இல் அந்த இருவருக்கும் கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் கிடைத்தது. படங்களைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இஸ்தோப்பு! அங்கே விருது, இங்கே விசாரணை.

லண்டனில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஹேகேட் என்ற குடியிருப்பில் ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகளை இடித்து, அந்த இடத்தில் புது மாடிகள் எழுப்பினார்கள். பழைய ஆட்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகை வீடு அதில் ஒரு சின்னப் பங்குதான். "நல்ல வீடு தரத்தான் உடைக்கிறோம்" என்ற பேச்சை நான் சும்மா நம்பாததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, எல்லா லயத்தையும் ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தென்று பல வருஷம் முன்பே எச்சரித்திருந்தார்கள். நம் சனம் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது என்று பேசுவது சுலபம். போவதற்குக் காணி எங்கே இருந்தது? அப்படிப்பட்ட சரிவில் இருக்கிற லயத்தை நாளைக்கே காலி பண்ண வேண்டும், அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. மற்ற இடங்களில் கையில் 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், வரட்டும், அதற்குப் பிறகு சுத்தியலை எடுங்கள். வீடு கட்டிக் கொடுத்து, படம் எடுத்து, உறுதி மட்டும் கொடுக்காமல் விட்ட கதைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன.

அப்புறம், பிளானை நாமே கீறலாம். கொழும்பில் பாதிக் கட்டடத்தை எழுப்பிய மேசன் பாஸ்மார் நம் லயங்களில்தான் இருக்கிறார்கள். எங்கள் பணிய (கீழ்ப்பக்க) லயத்தில் போன ஞாயிறு கோயிலடியில் ஆரம்பித்துவிட்டோம். ஒரு அளவு நாடா, பிள்ளைகளின் சதுர ரூல் கொப்பி. இதுவரை நாலு வீடு அளந்தாயிற்று. முதல் சண்டை குசினியின் புகைக்கூண்டு எந்தப் பக்கம் என்பதில். இன்னும் முடியவில்லை.