முகம் வேண்டாம், பின்பக்கத்தைக் காட்டு

"நிறத்தை வெச்சு இனம் பிரிக்கக் கூடாது. ஆனா உங்க படத்துல பின்பக்க நிறம் தெரியலையே, அதனால சொல்ல முடியாது." இனத்தை அடையாளம் சொல்ற நிபுணர்கிட்டேர்ந்து வந்த பதில் இதான். ஸ்பிரிங்டெயில்ங்கிற, வாலைத் தட்டித் தாவுற குட்டிப் பூச்சியைப் படம் எடுத்து அனுப்பிப் பெயர் கேட்ட எவரும் இதை வாங்காம தப்பிச்சிருக்க மாட்டீங்க.

நான் அனுப்பினது டைசிர்டோமினாங்கிற ஸ்பிரிங்டெயில் வகைதான், வேற என்ன. இங்கிலாந்துக் குளிர்ல எந்த ஈர இலையைப் புரட்டினாலும் உருண்டையா உட்கார்ந்திருக்குமே, ரெண்டு மில்லிமீட்டர் சொச்சத்துக்கு. பின்புறத்துல அடர்த்தியா ஒரே திட்டுன்னா அதுல ஆர்னாட்டாங்கிற இனம். திட்டு குறுக்குக் கோடுகளா பிரிஞ்சிருந்தா சாண்டர்சி. திட்டே இல்லன்னா மினூட்டா. ஆக மொத்தம் ஜாதகமே பின்பக்கத்துலதான்.

அதுக்காகக் குப்புறப் படுத்தேன். முழங்கை ரெண்டும் சொதசொதன்னு நனைஞ்சு, மூச்சை அடக்கிக்கிட்டு, லென்ஸை ரெண்டு விரல் தூரத்துல வெச்சா, முகத்தைக் காட்டுது. அழகான முகம்தான் சாமி, எனக்கு வேண்டாம். இலையை மெல்லத் திருப்பினேன். கூடவே திரும்புது. நான் இந்தப் பக்கம் ஊர்ந்தா அது அந்தப் பக்கம். மறுபடி முகம். மீசையை வேற ஆட்டுது. அப்புறம் ஒருவழியா மனசு வந்து பின்பக்கத்தைக் காட்டுச்சு. சரியா அந்தத் திட்டு இருக்க வேண்டிய இடத்துல மண்ணு அப்பிக் கிடக்கு! ஃபிளாஷ் அடிச்சேன். வாலைத் தட்டி ஒரே தாவு. போயே போச்சு.

இதுக்கு அந்த மகான் சொன்ன பரிகாரம்: "பிடிச்சு ஆல்கஹால்ல போட்டு அனுப்புங்க." மஞ்சளும் சிவப்பும் அதுல வெளிறிப் போகுமேய்யா! குட்டியில வெளிறி இருக்கும், தோலுரிக்க உரிக்க நிறம் ஏறும், செத்து பாட்டிலுக்குள்ள போனா இறங்கும். இதுல எந்த நிறத்துக்குப் பெயர் வைக்கப் போறீங்க?

இந்த மூணையும் ஒரே இனத்தோட 'ஃபார்ம்'னு, அதாவது தோற்றத்துல மட்டும்தான் வேறன்னு, எழுதினவங்களும் இருந்தாங்க. முடிவெடுக்கப் பயந்தவங்க கண்டுபிடிச்ச வார்த்தை அது. 1960-க்கு அப்புறம் புதுசா 'ஃபார்ம்'னு போட்டு வெச்ச பெயர் விலங்கியல் விதிப்படி செல்லாது. செல்லாத பெயரை எதுக்குய்யா வைக்கிறீங்க? என்டோமோப்ரியாங்கிற இன்னொரு ஸ்பிரிங்டெயில் வகையில நிற வேறுபாடுன்னு ஒதுக்கினதுல பல, டிஎன்ஏ பார்த்ததும் தனித்தனி இனமா நிக்குது. ஆர்கெசெல்லா சிங்டாங்கிற ஸ்பிரிங்டெயில்லயோ ஒரே இனத்துக்குள்ளயே ஊர்ப்பட்ட நிறம். நல்லா இருங்கப்பா.

சாண்டர்சிக்கு 1862-ல பெயர் வெச்சவர் ஜான் லப்பக். கொலம்போலான்னு மொத்த ஸ்பிரிங்டெயில் கூட்டத்துக்கும் பெயர் சூட்டினவரும் அவர்தான். தொழில் பேங்க். 1871-ல பேங்க் விடுமுறைச் சட்டம் கொண்டுவந்ததும் அதே மனுஷன்தான், டிசம்பர் 26 அந்தப் பட்டியல்ல இருக்கு. பூச்சி பார்க்க லீவு விட்டாரு, சரி. காட்டுக்குப் போக ரயில்? அன்னைக்கு அனேகமா ஒண்ணும் ஓடாது. ஸ்டேஷனையே பூட்டி வெச்சிருக்கான். தீபாவளிக்கு ரயிலை நிறுத்தினா நம்மூர்ல ஸ்டேஷன் மிஞ்சுமா?