அரங்கேற்றம் எப்போ?

அக்கா மகள் பரதநாட்டியம் படிக்க ஆரம்பித்துப் பத்து வருடம் ஆகிறது. இப்போது பிளஸ் ஒன். நாகர்கோவிலில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இலையில் சோறு விழும் முன்னே யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "பிள்ளைக்கு அரங்கேற்றம் எப்போ?" என்ன வர்ணம் ஆடப் படிக்கிறாய், எந்த ராகம் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

போன வருடம் நாங்களும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மண்டபம், திருவனந்தபுரத்திலிருந்து பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல், அவர்களோடு ஒத்திகை, மூன்று பட்டு உடுப்பு, டெம்பிள் செட் நகை, மேக்கப், வீடியோ, அழைப்பிதழ், குருவுக்குத் தட்டு, வந்தவர்களுக்குச் சாப்பாடு. நான்கு லட்சத்தைத் தாண்டியது. தாய்மாமன் பங்கு எவ்வளவு என்று அக்கா வாய் திறந்து கேட்கவில்லை. பேனாவை என் பக்கம் நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான்.

காசு இருக்கிறவர்கள் செலவழிக்கட்டும், அதைக் குறை சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்து அரங்கேற்றம் முடித்த ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் அதற்குப் பிறகு சலங்கையைத் தொடவில்லை. அலாரிப்பில் தொடங்கித் தில்லானா வரை ஒரே சாயங்காலத்தில் ஆடி முடித்தார்கள், ஆல்பம் வந்தது, அடுத்த வாரம் நீட் கோச்சிங். அரங்கில் ஏற்றிவிடுவதற்காக வந்த சடங்கை வழியனுப்பு விழாவாக மாற்றி வைத்திருக்கிறோம்.

இவளுக்கு ஏழு வயதில், காலைத் தரையில் தட்டிப் பழகும் தட்டடவு தொடங்கியது. "தெய்யா தெய்" என்று டீச்சர் தட்டுக்கழியால் பலகையில் தட்ட, முழங்காலை மடக்கி அரைமண்டியில் நிற்க முடியாமல் அழுதுகொண்டே நிற்பாள். வீட்டுக்கு வந்தால் முழங்காலுக்குத் தைலம். ஒரு வருடம் முழுக்க அதுதான். பக்கத்து வீட்டில் தரை அதிர்கிறது என்று சண்டைக்கு வந்தார்கள். அப்புறம் ஒருநாள் தாளம் உடம்பில் உட்கார்ந்துவிட்டது. பல் தேய்க்கும்போதுகூட கால் தானாகத் தட்டும். இத்தனையையும் நான்கு லட்சம் கொடுத்து நிறுத்த வேண்டுமா?

பாரம்பரியம் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். சுசீந்திரம் போனால் இசைத்தூணைப் பார்க்கிறோம், 18 அடி அனுமாருக்கு வெண்ணெய் சாத்துகிறோம். அதே தாணுமாலயன் கோவிலில் தலைமுறை தலைமுறையாக ஆடிய தேவதாசிகளைப் பற்றி நடனம் படிக்கிற பிள்ளைகளிடம்கூடச் சொல்வதில்லை. அப்போது நாம் திருவிதாங்கூர். ரீஜண்ட் ராணி சேது லட்சுமிபாய் 1930-ல் இந்தத் தெற்குப் பக்கத்துக் கோவில்களிலும் அந்த முறையை நிறுத்தினார். போக வேண்டிய முறைதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் இரண்டே வருடத்தில், 1932-ல், சென்னையில் மியூசிக் அகாடமி, தேவதாசிகள் ஆடிவந்த சதிர் ஆட்டத்துக்குப் பரதநாட்டியம் என்று பெயர் மாற்றித் தீர்மானம் போட்டது. ஆட்டம் சபா ஏறியது. அதுவரை அதைக் காப்பாற்றி வைத்திருந்த வீடுகளிலிருந்து பாலசரஸ்வதி மாதிரி ஒரு சிலர்தான் கூடவே ஏறினார்கள். இதைச் சொன்னபோது அக்கா மகள் கேட்டாள்: "அவங்க பேரெல்லாம் எங்கயாவது எழுதி வச்சிருக்கா மாமா?" அரங்கேற்ற அழைப்பிதழில் யார் பெயர் முதலில் வருவது என்று அதற்கு முந்தின வாரம்தான் வீட்டில் சண்டை நடந்திருந்தது.

பத்மநாபபுரம் அரண்மனைக்கும் கூட்டிப் போனேன். நவராத்திரி மண்டபத்தின் கறுப்புத் தரையில் இன்றைக்கும் முகம் தெரியும். அரச வீட்டுப் பெண்கள் மரச் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்து ஆட்டம் பார்த்த இடம். ஒரு அடவு போட்டுப் பார்க்கட்டுமா என்றாள். சுற்றுலாக் கூட்டம் நெட்டித் தள்ளியதில் நடக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மண்டபத்தை விட்டுவிட்டு இந்தச் சித்திரையில் எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் ஆடினாள். கமிட்டிக்காரர்கள் வில்லுப்பாட்டுக்கும் கணியான் கூத்துக்கும் நடுவில் அரைமணி நேரம் ஒதுக்கினார்கள். பாட்டு பென்டிரைவில். மைக் செட்காரர் முதலில் வேறு பாட்டைப் போட்டார். மேடைப் பலகையில் ஆணி துருத்திக்கொண்டிருந்ததில் குதிகாலில் கீறல். முன்வரிசைப் பிள்ளைகள் ஐஸ் தின்றுகொண்டே பார்த்தார்கள். பாதி வர்ணத்தில் வெடி போட்டார்கள். அவள் நிறுத்தவில்லை.

உடுப்பு மாற்ற ஒதுக்கியிருந்தது பக்கத்துப் பள்ளிக்கூட வகுப்பறை. அடுத்த வகுப்பறையில் கணியான் கூத்துக்காரர்கள். பெண் வேடம் கட்டும் ஆட்டக்காரர் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், சேலை கட்டி முகத்துக்குப் பவுடர் போட்டு வாசலில் உட்கார்ந்து சலங்கை கட்டிக்கொண்டிருந்தார். இவள் கழற்றி வைத்த சலங்கையை எடுத்துக் கையில் எடை பார்த்தார். "வெடிக்கும் தாளம் தப்பல, கொள்ளாம் பிள்ளே" என்றார். எங்கள் பக்கம் 'கொள்ளாம்', அதாவது நன்றாயிருக்கிறது, என்று வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. விடிய விடிய மகுடம் என்ற பறையின் அடிக்கு அவர் ஆடியதை இவள் மேடைக்குப் பக்கத்தில் நின்றே பார்த்தாள். மறுநாள் அந்த அடியை வாயால் சொல்லிச் சொல்லி, தான் படித்த ஜதியோடு, அதாவது தாளச் சொற்கட்டோடு, எங்கே ஒட்டுகிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். பத்து வருட வகுப்பில் யாரும் அவளுக்கு அதைக் காட்டியதில்லை. வகுப்புக்கு வெளியே ஆடுகிறவர்களைக் கலைஞர் வரிசையில் சேர்க்காத பழக்கம் நமக்கு இருக்கிறது. நானும் சின்ன வயதில் கூத்துக்காரரைப் பார்த்துச் சிரித்தவன்தான்.

அக்காவுக்கு இன்னும் வருத்தம்தான். சொந்தத்தில் இன்னொரு பிள்ளைக்கு வருகிற மாதம் பெரிய மண்டபத்தில் அரங்கேற்றம், அழைப்பிதழ் வீட்டுக்கு வந்துவிட்டது. போவோம், கைதட்டுவோம், மறுநாளும் ஆடு பிள்ளே என்று சொல்லிவிட்டு வருவோம்.

இவளுக்கு அடுத்த கொடையில் முக்கால் மணி நேரம் தருவதாகக் கமிட்டி சொல்லியிருக்கிறது. மேடைப் பலகை ஆணியைப் பற்றிப் பந்தல்காரரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.