நண்டு இல்லாத கூழ்

ஞாயிற்றுக்கிழமைகளில் முகநூலைத் திறந்தால், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ்ப் படம்தான். பெரிய பானை, அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் நண்டுக்கால், இறால், கணவாய், நல்ல முள்ளில்லாத மீன் துண்டு. பக்கத்தில் லீவில் வந்த சொந்தக்காரர் பனையோலைப் பிளாவும் கையுமாக நிற்பார். கீழே "எங்கட பாரம்பரிய உணவு" என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கூழோடு எனக்குக் கோபமொன்றும் இல்லை. கூப்பிட்டால் முதல் ஆளாகப் போய்க் குந்துவேன். ஆனால் அந்தப் பானைக்குள் போன நண்டுக்கு மட்டும் கணக்குப் பார்த்தாலே, கூலி வேலைக்குப் போகிற ஒருவருடைய ஒருநாள் சம்பளம் காணாது.

கூழ் காய்ச்சுவதென்றால் காசு சேர்க்க வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும், லீவு நாள் வேண்டும் என்று ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் அப்பம்மா கூழ் காய்ச்சியது கையில் காசு இல்லாத நாட்களில்தான். சம்பள நாள் என்றால் சோறும் மூன்று கறியும். மாதக் கடைசியில் குசினியில் ஒரு பிடி பயத்தங்காய், ஒரு துண்டு மரவள்ளி, நாலு பலாக்கொட்டை, கூறில் வாங்கிய பொடிமீன் என்று சில்லறையாகக் கிடப்பதெல்லாம் ஒரே பானைக்குள் போகும். அதில் எதையும் தனிக் கறியாக வைக்க முடியாது, காணாது. சேர்த்துக் காய்ச்சினால் ஏழு பேர் வயிறு நிரம்பக் குடிக்கலாம். வலையில் சின்ன நண்டு மலிவாக விழுந்த நாளில் அதுவும் சேரும். விழாவிட்டால் இல்லை, அவ்வளவுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்துக்குள் சாப்பாட்டுச் சாமான் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. பிறகு பணவீக்கம் இறங்கிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள், சந்தோஷம். விலை ஏறுகிற வேகம்தான் இறங்கியது. ஏறின விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அதற்குப் பிறகு தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டிய காலத்தையும் பார்த்தோம். சொதியும் சம்பலும் இல்லாமல் ஒரு நேரச் சாப்பாட்டை நினைக்கத் தெரியாத ஊரில் தேங்காய் விலை ஏறுவது என்பது சின்ன விஷயமில்லை.

அந்த நெருக்கடிக்குள் எங்கள் ஆட்கள் எதைக் குறைத்தார்கள் என்று பாருங்கள். மீனைக் குறைத்தார்கள், முட்டையைக் குறைத்தார்கள், பிள்ளைகளின் பாலை நிறுத்தினார்கள். சோறு, இரண்டு கறி, ஒரு பொரியல் என்ற அமைப்பை மட்டும் கைவிடவில்லை. கறிகளின் எண்ணிக்கை அப்படியே இருந்தது, உள்ளே இருந்த சத்துத்தான் போனது. உருளைக்கிழங்குக் குழம்பு, அப்பளம், சோயா மீற். பார்க்கக் கோப்பை நிறைந்திருக்கும். ஒரு கறி வைத்தால் குறைவு, கஞ்சி காய்ச்சினால் ஆருக்கோ உடம்பு வருத்தம், கூழ் என்றால் நண்டு வேண்டும் என்ற எண்ணத்துக்கு நாங்கள் கொடுக்கிற விலை இது. மே மாதத்தில் வீதியோரம், போரின் கடைசி நாட்களை நினைத்துக் கொடுக்கிற முள்ளிவாய்க்கால் கஞ்சியை இரண்டு கையாலும் வாங்கிக் குடிக்கிறோம். அதே கஞ்சியை இரவுச் சாப்பாடாக வைத்தால் "ஏன், வீட்டில் ஒன்றும் இல்லையோ?" என்று கேட்கிறோம்.

நான் சொல்வது ஒன்றுதான்: கையைக் கடிக்கிற நாட்களில் கறியின் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஒரு பானைக்குள் எல்லாவற்றையும் போடுங்கள், அதை வெட்கமில்லாமல் கிழமை நாளில் செய்யுங்கள்.

சரி, எப்படி என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் சூடை என்ற பொடிமீன் வாங்கப் போனேன். கூறு போட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்து, "தம்பி, பூனைக்கோ?" என்று கேட்டார். "இல்லையக்கா, எங்களுக்குத்தான்" என்றேன். சிரித்துவிட்டு இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டார். அந்த ஒரு கேள்விக்குள் முழுக்கதையும் இருக்கிறது. விளைமீனும் பாரையும் மனிதருக்கு, சூடை பூனைக்கு. சத்துக் கணக்கில் பார்த்தால் பூனை கெட்டிக்காரன். சூடை, நெத்தலி போன்றவற்றைப் புளி விட்டு நன்றாக அவியவிட்டால் முள்ளோடு சாப்பிடலாம். கல்சியம் அந்த முள்ளில்தான் இருக்கிறது. பெரிய மீனில் முள்ளை எறிந்துவிட்டுச் சதைக்கு மட்டும் காசு கொடுக்கிறோம். சூடையில் வேலை கூட, உண்மைதான். ஒவ்வொன்றாகச் செதில் சுரண்டி, தலையைக் கிள்ளிக் குடலை இழுத்து எடுக்கும்போது பொறுமை போய்விடும். அந்த வேலையை வீட்டில் ஆண்கள் எடுத்துக்கொள்ளலாம். சிக்கனச் சமையல் என்று யார் பேசினாலும் கடைசியில் அந்தச் சிக்கனத்தைப் பெண்களின் நேரத்தில்தான் பிடிக்கிறார்கள். நான் மீன் வெட்டுவேன், மனைவி வேலையால் வர ஆறு மணியாகும்.

கூழுக்கு முதலில் ஒரு சிறங்கை சிவப்பரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் தாராளமான தண்ணீரில் அவியப் போட வேண்டும். பாதி அவிந்த பிறகு பயத்தங்காய், மீன். ஒடியல் மாவை முன்பே தண்ணீரில் கரைத்து வைத்துவிட வேண்டும். மா அடியில் படியும், மேலே நிற்கிற தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டால் கசப்புக் குறையும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு முறையும் தண்ணீர் மாற்றலாம். செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டு, பழப்புளி, உப்பு. கடைசியில் மாவைக் கரைத்து விட்டுக் கைவிடாமல் துழாவ வேண்டும், இல்லாவிட்டால் கட்டி விழும். நெருப்பை அணைக்கும்போது இரண்டு கை முருங்கையிலை. தேங்காய் இல்லை, எண்ணெய் இல்லை, தாளிதமும் இல்லை. இன்றைய விலையில் இதைவிட என்ன வேண்டும்?

ஒடியல் மாவும் மலிவில்லையே என்று யாராவது கேட்டால், சரியான கேள்வி. பொதி செய்து விற்கும் ஒடியல் மா கோதுமை மாவை விட விலை கூட. பனம்பழக் காலம் முடியப் பாத்தி போட்டு, மாரி கழியக் கிழங்கு கிண்டி, தோலுரித்துப் பிளந்து வெயிலில் காயவிட்டு இடிக்கிற வேலைக்கு ஆள் இல்லை, விலை வரத்தான் செய்யும். ஆனால் பிட்டுக்குப் போலக் கூழுக்கு மா அள்ளத் தேவையில்லை. தடிப்பாக்கத்தான் அது, ஒரு பானைக்கு ஒரு சுண்டு மா போதும். கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை, டொலர் ஏறினால் பாண் விலையும் ஏறும். பனைக்கு டொலர் தெரியாது.

இதற்காக வறுமையை வடிவாக்கிக் காட்ட நான் வரவில்லை. 90களில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் ஒடியலையும் கஞ்சியையும் வைத்துச் சமாளித்ததைச் சிலர் இப்போது பொற்காலம் போலக் கதைக்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்களிடம் போய்க் கேளுங்கள், ஏச்சு விழும். வேறு வழியில்லாமல் தின்றதும் தெரிந்து தேர்ந்து தின்பதும் ஒன்றில்லை.

மீன் இல்லாத நாளுக்குப் பயற்றங்கஞ்சி இருக்கிறது. தீட்டாத சிவப்பரிசியும் தோலோடு பயறும் காலையில் ஊறப்போட்டால் பின்நேரம் அரைவாசி நேரத்தில் அவிந்துவிடும், சமையல் காஸும் மிச்சம். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயற்றில் அது தாராளம். பயற்றில் குறைகிற மெதியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் புரதம் முழுமையாகிறது. பக்கத்தில் வல்லாரைச் சம்பல். கஞ்சிக்குப் பால் பிழியத் தேங்காயை அரைமூடிக்கு மேல் எடுக்காதீர்கள். பால் பிழிந்த சக்கையை எறியாமல் அடுத்த நாள் முருங்கையிலை வறைக்குப் போடுங்கள், ருசி கொஞ்சம் குறையும், பொய் சொல்லமாட்டேன். வறையில் தேசிக்காய்ப் புளி விட்டால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் அதைத் தேயிலை குறைத்துவிடும். இந்த ஊரில் தேத்தண்ணியைத் தள்ளிவைக்கச் சொல்வது கோயில் திருவிழாவை ஒத்திவைக்கச் சொல்வதைப் போல, இருந்தாலும் ஒரு மணித்தியாலம் பொறுத்துப் பாருங்கள்.

இதெல்லாம் முற்றத்தில் முருங்கை நிற்கிற வீட்டுக்காரருக்குச் சரி, எங்களுக்கு? என்று யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிக்கிற பல்கலைக்கழகப் பிள்ளைகள் கேட்பார்கள். பதில் இருக்கிறது. பின்நேரம் சந்தை கலைகிற நேரத்தில் கீரைப்பிடி காலை விலைக்குப் போகாது. அரிசி, பயறு, நெத்தலிக் கருவாடு, ஒரு ரைஸ் குக்கர் போதும், இரண்டு பேருக்கு இரவுச் சாப்பாடு ஒரே முறையில் முடியும். கொத்து ரொட்டிக்குக் கொடுக்கிற காசில் இப்படி எத்தனை இரவு சமைக்கலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரே சிக்கல், பல வீடுகளில் அறைக்குள் சமைக்க விடமாட்டார்கள். வாடகைக்கு விடுகிற ஐயாமாரே, அம்மாமாரே, கரண்டுக் காசை வேண்டுமானால் தனியாக வாங்குங்கள், அந்தப் பிள்ளைகள் ஒரு ரைஸ் குக்கர் வைத்துக்கொள்ளட்டும்.