மா பற்று ரூபாய் பதினைந்து

பர்மா வழியில் வந்த ஒரு சொந்தக்காரி எங்கள் வீட்டுப் படைப்புக்கு வரலாமா என்ற கேள்வி ஒன்பது நாளாகப் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் நேரான பதில் இல்லாமல் கிடக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வம்சம் தேடுவதில் நமக்கு என்ன கஷ்டம் என்று எங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஆட்களுக்கு ஒரு பெருமை உண்டு. ஒன்பது கோயில், ஒவ்வொன்றுக்கும் புள்ளிக் கணக்கு. கல்யாணம் என்றால் இரண்டு வீட்டுக் கோயிலிலிருந்தும் மாலை வந்தாக வேண்டும், இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதியாக வேண்டும். மூத்த பையனுக்கு ஐயா (அப்பாவைப் பெற்றவர்) பெயரை விடுவதால் ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டத்தான் பெயருக்கு முன்னால் மூன்று நாலு எழுத்தில் விலாசம்.

எல்லாம் சரி. புள்ளி என்றால் என்ன? கல்யாணமான ஆண் ஒரு புள்ளி. அவரிடம் கோயில் வரி வாங்க எழுதிய கணக்கு அது. வரிக் கணக்கை வம்சாவளி என்று நினைத்துக்கொண்டது நம் தப்பு. நான் பிறந்த கோயிலில் புள்ளி இல்லை. கட்டிக்கொடுத்த கோயிலில் வீட்டுக்காரர் புள்ளிக்குள் அடக்கம். வரி கட்டாதவளை யார் எழுதுவார்கள்?

விலாசமும் ரத்தத்தைச் சொல்லாது. எங்கள் ஐயா பிள்ளை வந்தவர், அதாவது தத்துப் போனவர். பிறந்தது ஆத்தங்குடி, பிள்ளை வந்தது தேவகோட்டைக்கு. ஒரே கோயில் பங்காளி வீட்டிலிருந்துதான் பிள்ளை கூட்டுவது என்பதால் கோயில் மாறவில்லை, விலாசம் மாறிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு போனதில் ஆறு மாதம் தப்பான வீட்டுப் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஏன் புரட்டினேன் என்று சொல்லவில்லையே. மகனைப் பார்க்க டாலஸ் போயிருந்தபோது, பொழுது போகாமல் ஒரு குழாயில் எச்சிலைத் துப்பி டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினேன். வந்த பட்டியலைப் பார்த்தால் நம் ஆட்களாகவே இருந்தார்கள். அயித்தை மகன், அம்மான் மகள் என்று தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டதில் எல்லாருக்கும் எல்லாரும் சொந்தம். அஞ்சு தலைமுறை தள்ளி நிற்பவர்கூட ரெண்டுவிட்ட தம்பி மாதிரி காட்டுவார். இதைத் தெரியாமல் அந்தப் பட்டியலை நம்பக் கூடாது.

நடுவில் ஒருத்தி மட்டும் தனியாக நின்றாள். பெர்த்தில் இருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் 118 சென்டிமார்கன் (டிஎன்ஏ ஒற்றுமையை அளக்கும் அலகு) ஒற்றுமை, அதாவது ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரே பாட்டையா (கொள்ளுத் தாத்தா), வேறு வேறு கொள்ளுப்பாட்டி என்றால் ஏறக்குறைய அவ்வளவுதான் வர வேண்டும். தன் அம்மாவைப் பெற்ற பாட்டி பர்மாவில் ஹென்சாடாவில் பிறந்தவர், அவருடைய அப்பா ஒரு செட்டியார், அவ்வளவுதான் தெரியும் என்று எழுதியிருந்தாள்.

பாட்டையாவா, அவர் தம்பியா? ரெண்டு பேருமே ஹென்சாடாவில் கொண்டுவிற்க, அதாவது வட்டிக் கடை நடத்தப் போனவர்கள்தான். தம்பி என்றாலும் இதே 118 வரலாம். அதை எச்சில் சொல்லாது, கணக்குத்தான் சொல்ல வேண்டும்.

ஆத்தங்குடி வீட்டு இரண்டாங்கட்டு அறையில், எனாமல் சட்டிகளுக்குப் பின்னால், கடைப் பேரேடுகள் இருந்தன. பெட்டகத்தோடு சேர்த்துக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு விற்கப் போக இருந்தவை. (உங்கள் வீட்டிலும் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்.) பாட்டையாவின் சொந்தப் பற்றில் ஒவ்வொரு மாதமும் ஒரு வரி: மா, அதற்கப்புறம் கரையான் அரித்த ஓர் எழுத்து, பற்று ரூபாய் ௰௫. பதினைந்து.

மா என்றால் மாதம், மாதச் செலவு என்றேன் நான். அண்ணன் அது நில அளவு என்றது. ஹென்சாடாவில் ஏக்கர் கணக்கு, மா எங்கே வந்தது? அப்புறம்தான் உறைத்தது. மாதத்துக்கு ௴ என்று குறி போடுகிற கணக்குப்பிள்ளை, மேல் வரியிலேயே அந்தக் குறியைப் போட்டிருப்பவர், இங்கே மட்டும் எதற்கு மா என்று எழுத்தில் எழுதுகிறார்? பெர்த் பெண்ணைக் கேட்டேன். பர்மாவில் பெண்கள் பெயருக்கு முன்னால் மா போடுவார்களாம், வயதானால் டோ. அவள் கொள்ளுப்பாட்டி பெயரும் மாவில்தான் தொடங்குகிறது.

பாட்டையாவின் தம்பி கணக்கில் அப்படி ஒரு வரி இல்லை. பாட்டையா கணக்கில் கடைசிப் பதிவு விஷு வருஷம் மார்கழி. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்ததே, அந்த மார்கழி. அன்றைக்குப் பற்று பதினைந்து இல்லை, அறுபது. நாலு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்.

குழுவில் முதலில் வந்த பதில், குடும்ப மானம் போகிறது. 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார் கடைகள் 1,650 என்று வங்கி விசாரணைக் குழு எண்ணியிருக்கிறது. ஏஜெண்டாகப் போனவர் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் திரும்புவார், ஆச்சி (மனைவி) ஊரில். இத்தனை கடையில் எங்கள் பாட்டையா ஒருவர்தான் இப்படி என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. இரண்டாவது பதில், சொத்துக்கு வருவாள். எந்தச் சொத்து? பர்மா நிலம் 1948 நில அரசுடைமைச் சட்டத்தோடு போயிற்று. இருக்கிற வளவு வீட்டுக்கு நாற்பது பங்கு, ஓடு மாற்றக் காசு கொடுப்பது நாலு பேர்.

அண்ணன் சொன்ன ஒன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. "நீ துப்பினது உன் எச்சில், அதில் இருப்பது என் ரத்தமும்தானே, என்னைக் கேட்டாயா?" கேட்கவில்லை. ட்வென்ட்டித்ரீ அண்ட் மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் 2023-ல் 69 லட்சம் பேர் தகவல் திருடு போனது, 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது. கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், இதை எப்படி மாற்றுவது? அனுப்புவதற்கு முன்னால் கூடப்பிறந்தவர்களைக் கேட்டுவிடுங்கள்.

ஆனால் அனுப்பியாகிவிட்டது, அவளும் வந்துவிட்டாள். முறைப்படி பார்த்தால் அவள் அம்மா எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அயித்தை மகள். பெண் வழி, பங்காளியே இல்லை. புள்ளி கேட்கவில்லை, பங்கு கேட்கவில்லை. தை மாதம் ஆத்தங்குடியில் முன்னோருக்குப் படைப்பு. அன்றைக்கு வந்து, கும்பிட்டுவிட்டு, இலையில் உட்கார்ந்து சாப்பிடலாமா என்று கேட்கிறாள்.

வரட்டும் என்பது என் கட்சி. பதினைந்து ரூபாயை மாதம் தவறாமல் எழுதி வைத்தவர் அதை ஒளிக்க நினைக்கவில்லை. நமக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

நான் பெண்பிள்ளை, அதுவும் பிள்ளை போன வீட்டுப் பெண்பிள்ளை, குழுவில் இல்லை. ஆத்தங்குடித் தம்பிதான் எனக்காகக் கேள்வியைப் போட்டது. மானம், சொத்து என்று ரெண்டு பதில் வந்தது, அதோடு சரி. வரலாமா கூடாதா என்று யாரும் சொல்லவில்லை. முப்பத்தாறு பேர் படித்துவிட்டார்கள், நேற்றுக் காட்டியது. அவள் டிக்கெட் போட வேண்டும்.