கடைசி லயத்துக்கு யார் சொல்வது?

நேற்று இரவு, மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் எங்கள் கோயில் கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டார்: “பேரிடரைத் தடுக்கிறோம் என்று நாடுகள் எல்லாம் கூடிக் கூடி மாநாடு போடுகின்றன, பீடோங்கில் இருக்கும் நமக்கு அதனால் என்ன வந்தது?” நாலு வரியில் பதில் போடப் பார்த்தேன், முடியவில்லை. இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி வாக்கில் எங்கள் வீட்டுச் சாமி மேடையில் தொங்கும் விளக்கு தானாக ஆடியது. காற்று என்று நினைத்து அம்மா ஜன்னலைச் சாத்தினார். மாமா குடும்பம் அன்று பந்தாய் மெர்டேக்கா கடற்கரைக்குப் போவதாக இருந்தது. புளிச்சோறு கட்டி, பாய் எல்லாம் வேனில் ஏற்றியாகிவிட்டது, வேன்தான் கிளம்பவில்லை, பேட்டரி இறங்கிப் போயிருந்தது. அதைச் சரிசெய்து புறப்படுவதற்குள் மதியம் தாண்டி, கோத்தா கோல மூடாவில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று போன் வந்தது. அந்தப் புளிச்சோற்றை அன்று யாரும் தொடவில்லை.

சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 8.58க்கு. கெடா கரைக்கு அலை வந்தது மதியத்துக்குப் பிறகு. நடுவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது! ஒரு சைக்கிளில் போய்க்கூட கடலோரம் முழுக்கச் சொல்லியிருக்கலாம். ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்திலேயே அந்த நிலநடுக்கத்தைக் கணக்கில் எடுத்து அறிக்கையும் விட்டது. 1949இலிருந்து இயங்கும் மையம் அது, பசிபிக் நாடுகளுக்கானது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது, யாரைக் கூப்பிடுவது, கூப்பிட்டால் எடுப்பவர் அடுத்து யாருக்குச் சொல்வது என்று எதுவும் இல்லை. நாகப்பட்டினம், முல்லைத்தீவு, மட்டக்களப்பு என்று நம் சனம் வாழும் கரையெல்லாம் பிணக்காடாகிப் போனது. 14 நாடுகளில் 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமானோர் போனார்கள், மலேசியாவில் 68 பேர். எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் நாடுகள் சேர்ந்து உட்கார்ந்தன. 2011இலிருந்து இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இந்தியப் பெருங்கடல் முழுவதற்கும் சுனாமித் தகவல் தருகின்றன, இந்தியாவின் மையம் ஹைதராபாத்தில் இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 ஞாபகம் இருக்கிறதா? சுமத்ரா பக்கம் 8.6 அளவில் அதிர்ந்தது, உடனே எச்சரிக்கை வந்தது, நம் கடலோரத்திலிருந்து சனங்களை வெளியேற்றினார்கள். நல்லவேளை, பெரிய அலை வரவில்லை. குழுவில் கேட்டவருக்கு என் முதல் பதில் இதுதான் அண்ணே. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானும் 2005லேயே பேரிடருக்கென்று ஓர் ஒப்பந்தம் போட்டது, ஜகார்த்தாவில் அதற்கு ஒரு மையம் இருக்கிறது, அவசரகாலப் பொருள்களை வைக்கும் கிடங்கு கோலாலம்பூர் பக்கத்தில் நம் சுபாங்கிலேயே இருக்கிறது. 2015இல் ஜப்பானின் செண்டாய் நகரில் 187 நாடுகள் ஏற்றுக்கொண்ட ஏழு இலக்குகளில் ஒன்று, 2030க்குள் முன்னெச்சரிக்கை மக்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது.

சரி, போய்ச் சேருகிறதா? என் வேதனை அங்கேதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் ஆறு ஒரே ராத்திரியில் ஏறியது உங்களில் பலருக்குத் தெரியும். வெள்ள எச்சரிக்கை இரவு பத்தரைக்கே போட்டிருக்கிறார்கள், மலாய் மொழியில். என் கைப்பேசிக்கு அது மறுநாள் காலை ஏழு மணிக்கு, யாரோ யாருக்கோ அனுப்பி, கடைசியில் ஒரு கல்யாணக் குழுவிலிருந்து வந்து சேர்ந்தது. அதற்குள் கடைசி லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் கடைசி வரிசை வீடுகளில், இடுப்பளவு தண்ணீர்.

அந்த லயத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அதற்குக் காரணம் ஒரு பங்களாதேஷ் தம்பி. செம்பனைக் குலை வெட்ட வந்தவர். சாயங்காலமே ஒரு மூங்கில் கழியைக் கால்வாயில் நட்டு, அதில் மூன்று இடத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். அரை மணிக்கொரு தடவை டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். இரண்டாவது துணி நனைந்ததும் உரப் பீப்பாயைத் தட்டிக்கொண்டு, “அயேர் நாயிக்! அயேர் நாயிக்!” (தண்ணீர் ஏறுகிறது) என்று மலாயில் கத்தியபடி வீடு வீடாகப் போய் எழுப்பினார். நடக்க முடியாத ஒரு பாட்டியை நாற்காலியோடு தூக்கிக் கோயில் மண்டபத்தில் வைத்தவரும் அவரே.

அப்புறம் ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டேன், இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று. அவர் பெரியப்பா ஊரில் புயல் தொண்டராம். அங்கே 1970 புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் செத்தார்கள். அதன் பிறகு 1972இல் அரசாங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து கிராமத்துக்குக் கிராமம் தொண்டர்களைப் பழக்கின, ஆபத்து ஏற ஏற ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி என்று ஏற்றுவார்கள், கையில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போவார்கள். அது மட்டும் போதாது என்று 1991 புயல் காட்டியது, 1 லட்சத்து 38 ஆயிரம் பேர். பிறகு வெளிநாட்டுப் பணமும் சேர்ந்து சனங்கள் ஒதுங்க நிறைய புயல் கூடங்கள் எழும்பின. 2007இல் சிட்ர் என்ற பயங்கரமான புயல் வந்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400. அதுவும் பெரிய இழப்புதான், ஆனால் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறார்கள் பாருங்கள். அடுத்த வருடமே பக்கத்து மியான்மாரில் நர்கிஸ் புயல். டில்லி வானிலைத் துறை முன்கூட்டியே தகவல் அனுப்பியது. அந்த நாட்டின் ஆட்சியாளர்கள் அதைக் கழிமுகத்துக் கிராமங்களுக்கு ஒழுங்காகக் கொண்டுபோகவில்லை. செத்தவர்களும் காணாமல் போனவர்களும் 1 லட்சத்து 38 ஆயிரம்.

அதனால் நாடுகள் கூடிப் பேசுவது வீண் என்று யாரும் சொல்லாதீர்கள், எனக்குக் கோபம் வரும். டில்லியிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் ஜகார்த்தாவிலிருந்தும் வரும் செய்தி நம் தாலுகா வரை வந்துவிடுகிறது. அங்கிருந்து லயத்துக்கு வரும் இரண்டு மைலுக்குத்தான் ஆளும் இல்லை, காசும் இல்லை, மொழியும் இல்லை. வெள்ளம் வடிந்த பிறகு அரிசி மூட்டையோடு வந்து படம் எடுத்துக்கொள்ள எல்லாருக்கும் நேரம் இருக்கிறது. தமிழிலும் வங்காளத்திலும் நேப்பாளியிலும் ஒரு நிமிட ஒலிப்பதிவு செய்து வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

கமிட்டியில் பேசிவிட்டேன். கோயில் ஒலிபெருக்கிக்கு மின்சாரம் போனாலும் ஓடும்படி ஒரு பேட்டரி வாங்குகிறோம். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மண்டபத்தில் கூடி, படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எந்தெந்த வீட்டில் என்று எழுதப் போகிறோம். அந்தத் தம்பியும் வருகிறார், கழி நடும் இடங்களைக் காட்டுவார். தமிழ் அறிவிப்பை நான் பேசுகிறேன், வங்காளத்துக்கு அவர் இருக்கிறார். நேப்பாளி பேசத் தெரிந்தவர் யாராவது உங்கள் தோட்டத்தில் இருந்தால் தயவுசெய்து கீழே சொல்லுங்கள், நான் மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.