யாருக்கும் வேண்டாத குதிரை

கௌபாய் படமும் காமிக்ஸும் பார்த்து வளர்ந்த நமக்குச் செவ்விந்தியர் என்றாலே குதிரை மேல்தான் தோன்றுவார். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வாழ்ந்த பானி மக்கள் அந்தச் சித்திரத்துக்குள் அடங்க மாட்டார்கள். அடிப்படையில் அவர்கள் விவசாயிகள். பிளாட், லூப் ஆற்றங்கரைகளில் மண் மூடிய பெரிய வட்ட வீடுகள் கட்டி, வாசலைக் கிழக்கே வைத்து, மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் போட்டு வாழ்ந்தார்கள். வயல் வேலையும் விளைச்சலும் பெண்கள் கையில். களையெடுத்து முடிந்ததும் ஒரு முறை, அறுவடை முடிந்து ஒரு முறை என்று வருடத்தில் இரண்டு தடவை ஊரே கிளம்பிக் காட்டெருமை வேட்டைக்குப் போய்விடும். குதிரை அவர்கள் கைக்கு வந்ததே 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ அதற்குக் கொஞ்சம் பின்னாலோதான். ஸ்பானியர்களிடமிருந்து தெற்கத்தி மக்கள் வழியாக வந்து சேர்ந்தது. அதுவரை மூட்டைகளை இழுத்தது நாய்கள்.

அவர்கள் சொன்ன குதிரைக் கதை ஒன்று உண்டு. 1889இல் அச்சில் வந்தது. கதைத் தொகுப்புகளில் இதை 'அதிசயக் குதிரை' வகையில் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பாட்டி, ஒரு பேரன். பரம ஏழைகள். வேட்டைக் கூட்டம் நகரும்போது கடைசியில் நடந்து வருவார்கள். கூடாரம் பிரித்த இடங்களில் மற்றவர்கள் வீசிவிட்டுப் போன கிழிந்த தோலையும் மிச்சம் மீதியையும் பொறுக்கித்தான் பிழைப்பு. ஒருநாள் வழியில் யாரோ கைவிட்ட ஒரு மங்கல் பழுப்புக் குதிரை கிடைக்கிறது. ஒரு கண் குருடு, முதுகில் புண், ஒரு முன்னங்கால் வீங்கியிருக்கிறது. சரி, மூட்டையாவது சுமக்கட்டும் என்று ஓட்டி வருகிறார்கள்.

கூட்டம் நெப்ராஸ்காவின் கோர்ட்ஹவுஸ் பாறை பக்கம் வரும்போது, பெரிய எருமை மந்தை ஒன்றில் புள்ளிக் கன்று தென்படுகிறது. அந்தத் தோலுக்குத் தனி மகிமை. கொண்டுவருபவனுக்கு என் மகளைக் கொடுக்கிறேன் என்கிறார் தலைவர். பையனும் தன் நொண்டிக் குதிரையில் வந்து நிற்க, எல்லாரும் சிரிக்கிறார்கள். அப்போது குதிரை பேசுகிறது. என்னை ஓடைக்குக் கூட்டிப்போய் உடம்பெல்லாம் சேறு பூசு என்கிறது. பூசுகிறான். பறவை மாதிரி பறக்கிறது. புள்ளிக் கன்று அவனுக்குத்தான். வழியில் ஒரு பணக்கார வீரன் அந்தத் தோலுக்கு 12 குதிரை தருகிறேன் என்று கேட்க, பையன் சிரித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. பையன் திரும்புவதற்குள் ஒருவன் பாட்டியிடம் வந்து, உன் பேரன்தான் கன்றைக் கொன்றான் என்கிறான். பாட்டி நம்பவில்லை. ஏழை என்பதால் என் பிள்ளையைக் கேலி செய்ய வந்தாயா, உனக்கு வெட்கமில்லையா என்று அழுகிறாள். நல்ல செய்தி வந்தாலும் அது கேலியாகத்தான் இருக்கும் என்று பழகிப்போன மனசு அது. இந்த ஒரு வசனத்தைச் சொன்னவர் வறுமையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். அன்று ராத்திரி இருவரும் வயிறு நிறையக் கறி சாப்பிடுகிறார்கள்.

அப்புறம் சண்டை. பானிகளின் எதிரிகளான சியூ மக்களின் படை வருகிறது. நான்கு முறை பாய்ந்து போய் அவர்களில் தலைசிறந்த வீரர்களைக் கொல், ஐந்தாவது முறை போகாதே என்கிறது குதிரை. பையன் போய்விடுகிறான். குதிரை அம்பு பட்டு விழ, எதிரிகள் அதைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறார்கள். சண்டை ஓய்ந்ததும் அவன் துண்டுகளைப் பொறுக்கிக் குவித்து, குன்றின் மேல் போர்வையால் தலையை மூடிக்கொண்டு உட்கார்கிறான். காற்றும் மழையும் மாறி மாறி அடிக்கிறது. குதிரை எழுந்து நிற்கிறது. அதன்பின் ராத்திரிதோறும் தன்னைக் குன்றுக்குப் பின்னால் விட்டுவரச் சொல்கிறது. ஒவ்வொரு விடியலிலும் பக்கத்தில் ஒரு புதுக் குதிரை, ஒவ்வொன்றும் ஒரு நிறம். பத்து ராத்திரி, பத்துக் குதிரை. பையன் பணக்காரனாகி, தலைவர் மகளைக் கட்டி, பின்னால் தானே தலைவனாகிறான்.

படிப்பவர்கள் வழக்கமாகப் பிடித்துக்கொள்வது ஐந்தாவது பாய்ச்சலை. 'பெரியவங்க சொன்னதைக் கேள்' என்று ஒரு நீதி கிடைக்கிறதே! ஆனால் சொல் கேட்காதவனுக்குக் கதை கடைசியில் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறது. இதில் எங்கே கீழ்ப்படிதல் பாடம்? என் பார்வையில் இது சொத்தைப் பற்றிய கதை. யார் முன்னால் போகிறார்கள், யார் கடைசியில் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள், ஒரு தோல் எத்தனை குதிரை பெறும், பெண் கேட்கப் போகிறவனிடம் எத்தனை நிற்க வேண்டும் என்ற கணக்கு வரிக்கு வரி ஓடுகிறது.

குதிரை வந்ததால் வேட்டை சுலபமானது, எல்லாரும் வளமானார்கள் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். காட்டெருமையை விரட்டிப் பிடிக்க வேகமான குதிரை வேண்டும். அது இல்லாதவன், அடுத்தவன் வீழ்த்தியதை அறுத்துக் கொடுத்துப் பங்கு வாங்கினான், நிலமில்லாதவன் அடுத்தவன் களத்தில் கூலி நெல் வாங்குவது போல. சொந்தமாக ஒரு குதிரை வேண்டுமென்றால் பெரும்பாலும் எதிரி முகாமுக்குப் போய்த் திருட வேண்டும். அதற்கும் நடந்துதான் போனார்கள், நாள் கணக்கில். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளக் கூடுதல் தோல் செருப்புகள், அவற்றுக்குள் திணித்த வறுத்த சோளமும் இடித்த கறியும், தோளில் கயிறு. தப்பினால் குதிரையில் திரும்பலாம்.

இருக்கிற குதிரையைக் காப்பாற்றுவதும் லேசு இல்லை. குளிர்காலத்தில் புல் கிடையாது. காட்டன்வுட் மரக் கிளைகளை வெட்டிப் பட்டையைத் தின்னக் கொடுத்தார்கள். அந்த வேலையும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. வசந்தத்தில் சீக்கிரம் துளிர்க்கட்டும் என்று புல்வெளிக்குத் தீ வைத்தார்கள். வேட்டைச் சாகசம் பேசும் யாரும் இந்த மரம் வெட்டலைச் சொல்லி நான் பார்த்ததில்லை.

கதையிலும் எனக்கு ஒரு குறை உண்டு. பையன் மேலே போகிறானே தவிர ஏணி அப்படியே இருக்கிறது. கடைசியில் நடந்து வருகிற இன்னொரு பாட்டிக்கு அந்தப் பத்தில் ஒன்று போனதா என்று கதை சொல்லவில்லை.

1873 ஆகஸ்டில் நெப்ராஸ்காவின் மசாக்கர் கேன்யன் பள்ளத்தாக்கில் பானி வேட்டைக் கூட்டத்தைச் சியூ வீரர்கள் தாக்கினார்கள். பெண்களும் குழந்தைகளும் நிறையப் பேர் செத்தார்கள். அடுத்த ஓரிரு வருடத்தில் பானிகள் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். ஆகவே இந்தக் கதை அச்சுக்கு வந்தபோது எருமை வேட்டையே முடிந்துபோயிருந்தது. பாட்டியும் பேரனும் கறி சாப்பிட்ட அந்த ராத்திரியை ஏன் அவ்வளவு ஆசையாகச் சொல்கிறார்கள் என்பது எனக்கு இந்த ஆண்டுக் கணக்கைப் போட்ட பிறகுதான் புரிகிறது. இதைக் குழந்தைகளுக்கான பேசும் மிருகக் கதை என்று அலமாரியில் தள்ளுகிற பதிப்பாளர்களுடன் நான் சண்டைக்குத் தயார்.