ஜெப விண்ணப்பத்தைக் குழுவில் போட வேண்டாம்

புதிய கிறிஸ்தவ சபைக்கு முதலில் வாட்ஸ்அப் குழு தொடங்குங்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரி, ஆனால் கொஞ்சம் கவனம் வேண்டும். 2020 ஊரடங்கில் ஏழு குடும்பங்களாக வீட்டு ஜெபக்கூட்டம் ஆரம்பித்தோம். ஜூம் இலவசக் கணக்கின் 40 நிமிடத்துக்குள் ஒரு பாட்டு, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம், ஜெபம் என்று அமைத்துக்கொண்டோம், நன்றாகவே நடந்தது. வாட்ஸ்அப் குழுவில்தான் தவறினோம். மகனின் கடனுக்காக ஜெபிக்கக் கேட்டு ஒரு சகோதரி எழுதியது அவருடைய சம்பந்தி வீடு வரை போய்விட்டது. அதன்பின் அவர் வரவே இல்லை. இன்றும் மனது வலிக்கிறது. அறிவிப்புகளுக்கு வாட்ஸ்அப்பில் உள்ள பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும். உங்கள் எண்ணைச் சேமித்திருப்பவர்களுக்குத் தனித்தனியாகப் போகும், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. அப்புறம், ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிமார்களுக்குச் சனிக்கிழமையே போன் செய்து நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.